இறுதிப்போட்டிக்கு மறுவாரம்

வணக்கம் சார்,

எனக்குச் சிங்கப்பூரில் வேலை. 2022இல் டோட்டா 2 என்ற கணினி விளையாட்டின் வருடாந்தர உலகப்போட்டியான 'தி இன்டர்நேஷனல்' இறுதிப்போட்டி இங்கே இண்டோர் ஸ்டேடியத்தில் நடந்தபோது நண்பர்களோடு போயிருந்தேன். அதற்குப் பிறகு எந்த வருடமும் இறுதிப்போட்டியைத் தவறவிட்டதில்லை. 2025 செப்டம்பரில் ஹாம்பர்க்கில் நடந்ததையும் இரவு கண்விழித்துப் பார்த்தோம். அன்று எங்கள் வாட்ஸப் குழுவில் செய்தி கொட்டியது. மறுவாரம் ஒரு செய்திகூட இல்லை. அதே ஆட்டக்காரர்கள் வேறு போட்டிகளில் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஆனால் எங்களில் யாரும் பார்ப்பதில்லை, நான் உட்பட. இத்தனைக்கும் கல்லூரி நாட்களில் விடிய விடிய ஆடியவர்கள் நாங்கள். இப்போது வேலை, குழந்தை என்று யாருக்கும் ஆட நேரமில்லை.

'ஐபிஎல் முடிந்ததும் ரஞ்சியை யார் பார்க்கிறார்கள், அந்த மாதிரிதான்' என்கிறான் நண்பன். எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரிய போட்டி முடிந்ததும் கலைந்துவிடுகிற கூட்டத்தை ரசிகர்கள் என்று சொல்லலாமா? 2026 போட்டி ஷாங்காயில் நடக்கிறது. செலவு செய்து போகலாமா என்றும் ஒரு யோசனை.

அன்புடன்,
கா.

*

அன்புள்ள கா.,

பதிலை நீங்களே போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். 'யாருக்கும் ஆட நேரமில்லை' என்கிற வரிதான் அது. அதற்கு வருவதற்கு முன் ரஞ்சி விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

நண்பரின் ஒப்பீடு பொருந்தாது. ரஞ்சியில் ஆடுகிற பலரின் பெயர்கூட ஐபிஎல் மட்டும் பார்க்கிறவருக்குத் தெரியாது. டோட்டாவில் நிலைமை வேறு. ஹாம்பர்க்கில் நீங்கள் பார்த்த அதே முதல்தர ஆட்டக்காரர்கள்தான் ஈஎஸ்எல், பிளாஸ்ட், பிஜிஎல் நடத்தும் போட்டிகளிலும் ஆடுகிறார்கள். பரிசும் பல சமயம் 10 லட்சம் டாலர். பார்க்க ஒரு காசு தரவேண்டாம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நீங்கள் பார்ப்பதில்லை என்றால் ஆட்டத்தின் தரம் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

டோட்டா பார்ப்பதே ஒரு வேலை. 120க்கு மேற்பட்ட ஹீரோக்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனித் திறன்கள், கடையில் வாங்கும் பொருட்கள், அவை ஒன்றோடொன்று சேரும்போது நடக்கும் கூத்துகள். இதையெல்லாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. ஆடி, செத்து, திட்டு வாங்கித்தான் தெரிந்துகொள்கிறார்கள். தெரிந்ததும் நிலைப்பதில்லை. 2016 டிசம்பரில் 7.00 என்ற புதுப்பதிப்பு வந்து டேலண்ட் மரத்தை, அதாவது ஹீரோ வளர வளரத் தேர்ந்தெடுக்கும் கூடுதல் பலன்களைப் புகுத்தியது. 2019 நவம்பரில் வந்த 7.23 வாங்கிய பொருளைச் சுமந்துவரும் கூரியரை ஆளுக்கொன்றாகக் கொடுத்தது, காட்டு மிருகங்களை அடித்தால் பொருள் விழும் என்றது. 2023 ஏப்ரலில் 7.33 வரைபடத்தையே 40 சதவீதம் பெரிதாக்கிவிட்டது. நீங்கள் சிங்கப்பூர் அரங்கில் உட்கார்ந்து பார்த்த ஆறாவது மாதம் இது. அப்போதே ஆடுவதை விட்டிருந்தீர்கள் என்றால், இன்று திரையில் தெரிவது உங்களுக்குத் தெரிந்த நிலமே இல்லை.

ஆடுகிறவருக்கு இது பாரமில்லை. நேற்றுத் தான் தோற்ற ஹீரோவை ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்க்க அவருக்குச் செவ்வாய்க்கிழமை மதியத்துச் சாதாரண ஆட்டமே போதும். ஆடுவதை விட்டவர் வருடத்துக்கு ஒரு முறை அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளலாம். வர்ணனையாளர்கள் புதியவர்களையும் மனதில் வைத்துப் பேசுவார்கள், புரியாததைக் குழுவில் கேட்டுக்கொள்ளலாம். வாராவாரம் முடியாது. உங்கள் குழுவைக் கலைத்தது போட்டி முடிந்தது அல்ல. அது வெகுகாலம் முன்பே, ஒவ்வொருவராக ஆடுவதை நிறுத்தியபோதே கலைந்துவிட்டது. வருடம் ஒருமுறை கூடுகிறீர்கள்.

டோட்டாவை உருவாக்கிய வால்வ் நிறுவனத்துக்கும் இதில் பங்குண்டு. 2013இல் காம்பெண்டியம் என்று ஒரு டிஜிட்டல் கையேட்டை (பின்னாளில் அதன் பெயர் பேட்டில் பாஸ்) விற்று, விற்பனையில் கால்பங்கைப் பரிசுத்தொகையில் சேர்த்தார்கள். 2011இல் 16 லட்சம் டாலராக இருந்த பரிசு, 2021இல் 4 கோடியைத் தொட்டது. ரசிகர்கள் தங்கள் பணத்தில் கட்டிய கோபுரம் என்று எல்லோரும் பெருமைப்பட்டார்கள். ஆனால் வருடத்தின் புதுமை, பணம், பரபரப்பு எல்லாம் அந்த ஒரே மாதத்தில் போய்க் குவிந்தது. மற்ற மாதங்கள் காய்ந்தன. 2023இல் வால்வே பேட்டில் பாஸைக் கைவிட்டபோது சொன்ன காரணம் கவனிக்க வேண்டியது: டோட்டா ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் அதை வாங்குவதே இல்லை. பரிசு 30 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. அதே வருடத்தில், ஆண்டு முழுக்கப் புள்ளிகள் சேர்த்துப் பெரிய போட்டிக்குப் போகும் டோட்டா புரோ சர்க்யூட்டையும் நிறுத்தினார்கள். முதலாவது சரியான முடிவு. இரண்டாவது அப்படியல்ல என்பது என் எண்ணம். பிப்ரவரியில் நடக்கும் ஓர் ஆட்டத்தைப் பார்க்க அந்தப் புள்ளிக்கணக்கு ஒரு காரணத்தைக் கொடுத்தது. இப்போது போட்டிகள் நிறைய, ஆனால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கதைத்தொடர்ச்சி குறைவு.

அணிகளும் நிற்பதில்லை. இன்டர்நேஷனல் முடிந்த மறுநாளே ஆள்மாற்றம் தொடங்கிவிடும். நீங்கள் நேரில் பார்த்த டுண்ட்ரா அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்று சீக்ரெட் அணியை 3-0 என்று துடைத்துவிட்டு ஏஜிஸ் கோப்பையைத் தூக்கிய ஐவரில் 33 என்கிறவர் 2024இல் கோபன்ஹேகனில் லிக்விட் அணிக்காகக் கோப்பை வென்றார். ஸ்கிட்டரும் ஸ்னீக்கிங்கும் ஹாம்பர்க்கில் ஃபால்கன்ஸ் சட்டையில் இருந்தார்கள். டுண்ட்ரா ரசிகர் யாருக்குக் கைதட்டுவது? (அந்தச் சிங்கப்பூர் வார இறுதிக்குத் தென்கிழக்கு ஆசிய அணி ஒன்றுகூட வந்து சேரவில்லை. இருந்தும் அரங்கு நிறைந்தது. கூட்டத்தை மட்டும் வைத்து ரசிகர்களை அளக்க முடியாது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.)

போட்டி முடிந்தால் ரசிகர்கள் என்ன ஆவார்கள் என்பதை நிஜமாகவே சோதித்துப் பார்த்த நாடு ஒன்று இருக்கிறது. கொரியா. ஸ்டார்கிராஃப்ட் ப்ரூட் வார் 1998இல் வந்த விளையாட்டு. ஓஜிஎன், எம்பிசி கேம் என்று தொலைக்காட்சிச் சேனல்கள் அதன் போட்டிகளை ஒளிபரப்பின. நிறுவனங்கள் அணிகளுக்குச் சம்பளம் கொடுத்தன. விமானப்படைகூட ஓர் அணி வைத்திருந்தது, கட்டாய ராணுவ சேவைக்கு வந்த ஆட்டக்காரர்களைக் கொண்டு! 2010இல் பணம் வாங்கிக்கொண்டு தோற்ற ஊழல் வெடித்தது. 2012 தொடக்கத்தில் எம்பிசி கேம் இசைச் சேனலாக மாறியது. அதே வருடம் ஓஎஸ்எல் என்ற பெரிய தொடரின் கடைசி ப்ரூட் வார் பதிப்பும் முடிந்தது. எல்லோரும் ஸ்டார்கிராஃப்ட் 2க்குப் போக வேண்டியதாயிற்று. இங்கே 'போட்டி முடிந்தது' என்றால் அடியோடு முடிந்தது என்றே பொருள்.

அப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். பழைய ஆட்டக்காரர்கள் அஃப்ரீக்கா டிவியில் (இப்போது அதன் பெயர் சூப்) தங்கள் அறையிலிருந்தே ஆடி ஒளிபரப்பினார்கள். பார்க்க ஆள் வந்தது. 'நட்சத்திர பலூன்' என்ற பெயரில் பணம் வந்தது. இன்னாரும் இன்னாரும் மோதட்டும் என்று பார்வையாளர்களே பரிசுப்பணம் போட்டு ஆட்டம் வைத்தார்கள். 2016இல் அஃப்ரீக்காவே ஏஎஸ்எல் என்ற தொடரைத் தொடங்கியது. ஸ்டார்கிராஃப்ட் 2இலிருந்து ஓய்வு பெற்றிருந்த லீ யங்-ஹோ, ஃப்ளாஷ் என்றால் எல்லோருக்கும் தெரியும், திரும்பி வந்து அதைப் பலமுறை வென்றார். 2017இல் அதே விளையாட்டை மெருகேற்றிய ரீமாஸ்டர்ட் பதிப்பின் அறிமுக விழாவைப் புசானின் குவாங்கல்லி கடற்கரையில் வைத்தார்கள். 2004இல் புரோலீக் இறுதிப்போட்டிக்கு ஒரு லட்சம் பேர் கூடியதாகச் சொல்லப்படும் கடற்கரை அது.

அதாவது அங்கே ரசிகர்கள் தொடரைத் தேடி வரவில்லை. ரசிகர்கள் இருந்ததால்தான் தொடர் திரும்ப வந்தது. இதற்கு எனக்குத் தெரிகிற காரணம் இரண்டு. ஒன்று, ப்ரூட் வாரில் படைகளின் பலத்தைக் கடைசியாகத் திருத்தியது 2001இல். அதன் பிறகு வரைபடங்கள்தான் மாறின. பத்து வருடம் மவுஸைத் தொடாதவர்கூடப் பார்த்த உடனே புரிந்துகொள்வார். இரண்டு, பார்க்க வந்தது அணியையோ கோப்பையையோ அல்ல, ஃப்ளாஷ், ஜேடாங், பிசு போன்ற ஆட்களை. டோட்டாவில் முதல் காரணம் கிடையாது. கிடைக்கவும் கூடாது, மாறிக்கொண்டே இருப்பதுதான் அதன் ருசி.

ஓவர்வாட்ச் என்ற விளையாட்டுக்கான ஓவர்வாட்ச் லீக் இதற்கு நேரெதிர். 2018இல் ஊர்ப்பெயர் அணிகளோடு, ஓர் இடத்துக்கு 2 கோடி டாலர் என்ற பேச்சோடு தொடங்கியது. 2023க்கு மேல் ஓடவில்லை. ஊர்ப்பெயரை விலைக்கு வாங்கலாம், ஊர்ப்பாசத்தை வாங்க முடியாது. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆக, கலைந்துபோகிறவர்கள் ரசிகர்கள் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இணையத்தில் சுற்றும் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்து அதை முடிவு செய்யவும் மாட்டேன். அந்தக் கணக்குகளில் பெரும்பாலும் சீனத் தளங்கள் வராது. டோட்டா விளையாட்டுக்குள்ளிருந்தே நேரலையைப் பார்க்கிறவர்களும் வரமாட்டார்கள். ஆட்டத்தோடு விடாமல் ஒட்டியிருப்பவர்கள் இருப்பது அந்த இடத்தில்தான்.

உங்களுக்கு நான் சொல்வது, ஆடாமலே தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். சீன ஆட்டக்காரர் ஆமே இருக்கிறார். 2018இல் வான்கூவர், 2021இல் புக்கரெஸ்ட், 2025இல் ஹாம்பர்க். மூன்று இறுதிப்போட்டிகள், மூன்றிலும் 2-3 என்று தோல்வி. கடைசித் தோல்வியை நீங்கள் கண்விழித்துப் பார்த்தீர்கள். அவர் அடுத்து எந்தப் போட்டியில் ஆடுகிறார் என்று தேடிப் பார்த்தீர்களா? அந்த ஆட்டத்தில் பாதி புரியாவிட்டாலும் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.

ஷாங்காய்க்குக் கட்டாயம் போங்கள். வருடத்துக்கு ஒரு முறைதான் கூடுகிறீர்கள் என்றால் நேரிலேயே கூடலாமே. போவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து, குழுவில் ஐந்து பேர் தேறினால், வார இறுதியில் டோட்டாவின் வேகமான வகையான டர்போ ஆடுங்கள். அரை மணிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். குழந்தை தூங்கிய பிறகு ஆடலாம். முதல் சில ஆட்டங்களில், வரைபடத்தின் பெரிய அரக்கனான ரோஷன் எங்கே இருக்கிறான் என்று தேடியே தோற்பீர்கள்.