ரஸ்புடின் மட்டும் இல்லீங்க

கேள்வி: செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போறோம். யூசுபோவ் அரண்மனைன்னா ரஷ்ய மன்னர் குடும்பத்துக்கு நெருக்கமா இருந்த சாமியார் ரஸ்புடினைக் கொன்ன இடம்தானே, வேற என்ன இருக்கு?

பதில்: அதேதான், மொய்கா ஆத்தங்கரையில இருக்கு. 1830ல யூசுபோவ்ங்கிற பணக்காரப் பிரபுக் குடும்பம் வாங்குன வீடு, 1916 டிசம்பர்ல ஃபெலிக்ஸ் யூசுபோவ் ரஸ்புடினை விருந்துக்குக் கூப்பிட்டு கூட்டாளிங்களோட கதையை முடிச்சாரு, அந்த பேஸ்மென்ட் ரூம்ல இப்போ மெழுகு பொம்மைங்க உக்காந்திருக்கு, கூட்டமெல்லாம் அங்கதான் அள்ளும். என்னைக் கேட்டா மேல இருக்குற தியேட்டரைத்தான் பாக்கணும், வீட்டுக்குள்ளயே மேடை, திரை, தங்க வேலைப்பாடு போட்ட பால்கனின்னு பெரிய ஓப்பரா ஹவுஸை சுருக்கி வச்ச மாதிரி, பணக்காரத் திமிருன்னா இதுதான். அரபு பாணியில அலங்கரிச்ச மூரிஷ் ரூமையும் விட்டுடாதீங்க. 1917 ரஷ்யப் புரட்சிக்கப்புறம் அரசு எடுத்துக்கிட்டு 1925ல இதை வாத்தியாருங்களுக்கு கொடுத்துட்டாங்க, உள்ள இவ்ளோ மிச்சம் இருக்குறதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நெனைக்கிறேன்.