ஐஸ் ஹாக்கி அணிகளின் வெற்றிக்கு எது காரணம் என்று புள்ளிவிவரத்தை வைத்துக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் வெற்றியை எந்த எண்ணால் அளப்பது என்று முடிவு செய்யுங்கள். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் புள்ளிப் பட்டியலை அப்படியே எடுத்தால் சிக்கல்தான். வென்றால் 2 புள்ளி, ஆனால் கூடுதல் நேரத்திலோ ஷூட்அவுட்டிலோ (வீரர்கள் ஒவ்வொருவராகக் கோலியை எதிர்கொண்டு அடிப்பது) தோற்றாலும் 1 புள்ளி கிடைக்கும். ஆட்டத்தை இழுத்தடித்துத் தோற்கிற அணி பட்டியலில் மேலே தெரியும். ஷூட்அவுட் முடிவோ கிட்டத்தட்ட பூவா தலையா. ஆகவே கோல் வித்தியாசத்தை இலக்காக வையுங்கள். கோலியை (கோல் காப்பாளரை) வெளியே எடுத்தபின் காலி வலையில் விழுந்த கோல்களையும், ஷூட்அவுட் வெற்றிக்காகக் கணக்கில் ஏற்றும் ஒரு கோலையும் கழித்துவிடுங்கள்.

அடுத்து, பலரும் வழுக்கி விழும் இடம். ஒரு சீசனின் மொத்த எண்களை ஒரு பக்கமும் அதே சீசனின் வெற்றிகளை மறுபக்கமும் வைத்து ரிக்ரஷன் (ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்கும் புள்ளியியல் முறை) ஓட்டினால், சேவ் சதவீதமும் (வந்த ஷாட்களில் கோலி தடுத்த பங்கு) ஷூட்டிங் சதவீதமும்தான் (அடித்த ஷாட்களில் கோலான பங்கு) முதலிடத்துக்கு வரும். வராமல் எப்படி இருக்கும்? கோல் என்பதே ஷாட்டை அந்தச் சதவீதத்தால் பெருக்கினால் வருவதுதானே. நிறைய கோல் போட்ட அணி ஜெயித்தது என்று சொல்ல ரிக்ரஷன் எதற்கு?

82 ஆட்டங்கள் கொண்ட சீசனை ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் ஆட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு பாதியின் அளவீட்டை வைத்து மறுபாதியின் கோல் வித்தியாசத்தைக் கணியுங்கள். முதல் 41, கடைசி 41 என்று பிரித்தால் வீரர் மாற்றமும் காயமும் நடுவில் புகுந்து குழப்பும். 32 அணிகள் என்றால் ஒரு சீசனுக்கு 32 வரிசைதான், அதனால் நான்கைந்து சீசன்களாவது சேருங்கள். 2020-21 போல 56 ஆட்டங்களோடு முடிந்த சீசனும் வரும் என்பதால் எல்லாவற்றையும் 60 நிமிடத்துக்கு இவ்வளவு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இப்படிச் செய்ததும் சேவ் சதவீதத்தின் சாயம் வெளுக்கும். 41 ஆட்டங்களில் ஒரு அணி சுமார் 1,200 ஷாட்களைச் சந்திக்கிறது, கோலியின் உண்மையான திறன் 0.905 என்று வையுங்கள். 0.905 × 0.095 ÷ 1,200-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 0.0085. அதாவது திறன் மாறாமலே, அதிர்ஷ்டத்தால் மட்டும் 10 கோல் கூடவோ குறையவோ செய்வது சர்வசாதாரணம். சுமார் 6 கோல் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது இத்துறையில் புழங்கும் தோராயக் கணக்கு. கோலிகளுக்குள் திறன் வேறுபாடே இல்லை என்று இதற்குப் பொருள் இல்லை. அரை சீசன் எண்ணில் அது தெளிவாகத் தெரியாது, அவ்வளவே.

நிலைத்து நிற்பது, இரு அணிகளின் மொத்த ஷாட் முயற்சிகளில் ஒரு அணியின் பங்கு. வலைக்குப் போனது, விலகிப் போனது, தடுக்கப்பட்டது மூன்றையும் கூட்டினால் கோர்சி. தடுக்கப்பட்டதை விட்டால் ஃபென்விக். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் மட்டும் எண்ணுங்கள். பவர் பிளேயை (பெனால்டியால் ஒரு அணிக்கு ஆள் குறையும் நேரம்) கலந்தால் அளப்பது பெனால்டி எண்ணிக்கையாகிவிடும், அதைத் தனியாகப் பாருங்கள்.

ஒரு திருத்தம் கட்டாயம். முன்னிலையில் இருக்கும் அணி ஒதுங்கி ஆடும், பின்தங்கிய அணி விடாமல் அடிக்கும். திருத்தாவிட்டால் தோற்கிற அணி நல்ல அணியாகத் தெரியும். ஒவ்வொரு ஸ்கோர் நிலைக்கும், சொந்த மைதானமா இல்லையா என்பதற்கும் லீக் சராசரிப் பங்கைக் கண்டுபிடித்து, 50-ஐ அதனால் வகுத்து ஒவ்வொரு முயற்சிக்கும் எடையாகக் கொடுங்கள். ஒரு கோல் முன்னிலையில் சராசரி 46 சதவீதம் என்றால் அந்த அணியின் முயற்சி ஒவ்வொன்றும் 1.09, எதிரணியுடையது 0.93.

ஷாட்டின் தரத்தையும் சேர்க்க எதிர்பார்ப்பு கோல் மாதிரி (ஒவ்வொரு ஷாட்டும் கோலாகும் வாய்ப்பைக் கணிப்பது) வேண்டும். என்எச்எல் ஆயத்தொலைவுகளில் மைதான நடு (0, 0), அலகு அடி, கோல் கோடு x = 89. அணிகள் ஒவ்வொரு பீரியடிலும் பக்கம் மாறுவதால் முதலில் எல்லா ஷாட்களையும் ஒரே பக்கத்துக்குத் திருப்புங்கள். தூரம், கோணம், ஷாட் வகை, முந்தைய நிகழ்விலிருந்து எத்தனை விநாடி (தடுக்கப்பட்டுத் திரும்பி வந்த பக்கை உடனே அடிக்கும் ரீபவுண்டைப் பிடிக்க) ஆகிய நான்கை வைத்து லாஜிஸ்டிக் ரிக்ரஷன் (ஆம்/இல்லை முடிவின் வாய்ப்பைக் கணிக்கும் ரிக்ரஷன்) ஓட்டினாலே பயன்படும் மாதிரி கிடைக்கும். தடுக்கப்பட்ட ஷாட்களை இதில் சேர்க்காதீர்கள். அவற்றுக்குப் பதிவாவது தடுத்த இடம், அடித்த இடமல்ல. சில மைதானங்களில் குறிப்பெடுப்பவர்கள் தூரத்தைக் குறைத்தே பதிவதுண்டு, எனவே சொந்த மைதான எண்களை வெளியூர் எண்களோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள்.

கோர்சி, ஃபென்விக், எதிர்பார்ப்பு கோல் மூன்றையும் ஒரே ரிக்ரஷனில் போடவும் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டியே நகர்பவை என்பதால் கெழுக்களின் குறியே தலைகீழாகலாம். உடல் மோதல் எண்ணிக்கையை நம்பவே வேண்டாம். பக் (ஆடும் வட்டு) கையில் இல்லாத அணிதான் அதிகம் மோதும்.

சோதித்துப் பார்க்க இரண்டு அணிகள். 2013-14 கொலராடோ அவலாஞ்ச் 112 புள்ளி எடுத்தது, ஆனால் கோர்சி பங்கு 50 சதவீதத்துக்குக் கீழே. அடுத்த சீசனில் 90 புள்ளி, பிளேஆஃப் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிக்கட்டச் சுற்றுகள்) இல்லை. எதிர்த்திசையில் 2014-15 லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ். கோர்சியில் லீகின் முன்னணி அணி, நடப்புச் சாம்பியனும்கூட. 15 ஆட்டங்களைக் கூடுதல் நேரத்திலும் ஷூட்அவுட்டிலும் இழந்து, 95 புள்ளியோடு பிளேஆஃபைத் தவறவிட்டது. உங்கள் மாதிரி முதலாவதை எச்சரித்து, இரண்டாவதை நல்ல அணி என்று காட்டினால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். இரண்டையும் முடிவுகளுக்குக் கச்சிதமாகப் பொருத்திவிட்டால், ஏதோ ஒரு மாறியில் சேவ் சதவீதம் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள்.