பால் அவளுக்கு, மாடு யாருக்கு?

அண்ணா,
கென்யா, டான்சானியா பக்கம் மாடு மேய்ச்சு வாழுற மாசாய் ஆட்களைப் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். ஈட்டி, சிங்கம், மந்தைன்னு முழுக்க ஆம்பளைங்க கதையாவே இருக்கு. அங்க பொம்பளைங்களுக்கு சமைச்சுப் போடுறது மட்டும்தான் வேலையா?
- ர., தேனி

அன்புள்ள ர.,

சமையல் கிடக்கட்டும், அந்த வீட்டையே கட்டுறது அவங்கதான். குச்சிய நட்டு வளைச்சு, மண்ணும் சாணியும் கொழைச்சுப் பூசி, மழைக்கு ஒழுகினா திரும்பப் பூசுற வரைக்கும் பொம்பளை பொறுப்பு. காலையும் சாயங்காலமும் பால் கறக்குறதும் அவங்கதான், கன்னுக்குட்டிய ஒரு பக்கம் குடிக்க விட்டுட்டே இந்தப் பக்கம் சுரைக்குடுவைல பீச்சுவாங்க. அந்தக் குடுவைய சுத்தம் பண்றது இருக்கே, காட்டு ஆலிவ் குச்சிய நெருப்புல வச்சு, கங்கு முனையால உள்ள போட்டுத் தேய்ப்பாங்க, பால்ல லேசா புகை வாசனை ஏறிடும். தினம் மடியத் தொடுறவளுக்குத்தானே எந்த மாடு சொணங்குதுன்னு முதல்ல தெரியும்? (ஃபோட்டோ எடுக்கப் போறவனுக்கு இதெல்லாம் கண்ணுல படாது, குதிச்சு ஆடுற இளவட்டங்க போதும்.)

ஆனா வேலைய லிஸ்ட் போட்டு 'பாருங்க எவ்ளோ உழைக்கிறாங்க'ன்னு முடிக்க எனக்கு இஷ்டமில்ல. உழைப்ப யாரு மறுத்தா, விக்கிற உரிமை யாருக்குன்னு கேளுங்க. கல்யாணமாகி வந்தவளுக்குன்னு சில மாடுகள ஒதுக்குவாங்க, அதோட பாலுக்கு அவதான் எஜமானி, யாருக்கு எவ்ளோ ஊத்தணும்ங்கறது அவ இஷ்டம், மிச்சத்த வித்தா காசும் அவளுக்கு. ஆனா அந்த மாட்ட அவளா வித்துட முடியாது, பின்னாடி அது மகனுங்களுக்குப் போயிடும். பாலுக்கு நல்ல காசு வர ஆரம்பிச்சா அதுவும் கைமாறிடுது, அதே கென்யாவுல மாடு வளர்க்கிற இன்னொரு இனமான நந்தி ஆட்கள்கிட்ட பாருங்க, காலைப் பால் சொசைட்டிக்குப் போய் பணம் புருஷன் கைக்கு, சாயங்காலப் பால் மட்டும் பொண்டாட்டிக்குன்னு பல வீடுகள்ல ஆகிப்போச்சு.

நம்ம பெரும்பாணாற்றுப்படைல ஒரு ஆயர்மகள் வருவா. பறவைங்க எந்திரிக்கிற நேரத்துல எந்திரிச்சு தயிர் கடைவா, மோர வித்து தானியம் வாங்கி குடும்பத்துக்கே சோறு போடுவா, நெய்க்கு மட்டும் பொன்ன குடுத்தா வாங்க மாட்டா, எருமையும் பசுவும்தான் வேணும்பா. காசு செலவாயிடும், எருமை கன்னு போடும்ல! மந்தைய பெருக்குற முடிவே அவ கைல இருந்திருக்கு.

நீங்க தேனிக்காரங்க, மலைமாடு வச்சிருக்கிற வீட்ல யாராச்சும் தெரிஞ்சா, மாட்ட விக்கிறப்ப விலை பேசுறது யாரு, பணத்த எண்ணி வாங்குறது யாருன்னு கேட்டு எழுதுங்களேன்.