குஞ்சு முதல் முட்டைக்கோழி வரை: இயற்கைத் தீவனத்தை வயதுக்கேற்பத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஈரோடு மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சிறுவிடைக் கோழி 15, குஞ்சு 40 வைத்திருக்கிறேன். ரசாயனம் இல்லாமல் வளர்க்க வேண்டும் என்பதற்காகக் கடையில் ‘ஆர்கானிக் முட்டைக்கோழித் தீவனம்’ என்று விற்றதை வாங்கி எல்லாவற்றுக்கும் போடுகிறேன். குஞ்சுகள் சோர்ந்து நிற்கின்றன, வளர்ச்சியும் இல்லை. என்ன தீவனம் கொடுப்பது?”

மூட்டையில் எழுதியிருக்கும் ‘ஆர்கானிக்’ என்ற சொல்லைவிட, அதற்கு முன்னால் இருக்கும் ‘முட்டைக்கோழி’ என்ற சொல்தான் உங்கள் குஞ்சுகளுக்குப் பகை. முட்டையிடும் கோழிக்கு ஓடு கட்ட வேண்டியிருப்பதால் அதன் தீவனத்தில் கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். குஞ்சுக்குத் தேவை ஏறத்தாழ 1 சதவீதம்தான். மிகுதியான கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் குஞ்சின் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின் மேல் யூரேட் உப்பு சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகப் படியும். சோர்வுக்கு ரத்தக் கழிச்சல் போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால், இறந்த குஞ்சு இருந்தால் கால்நடை மருத்துவரிடம் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அந்தத் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடுவதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

முதல் 8 வாரம் வரை புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இயற்கை முறையில் உண்மையான சிக்கல் இங்கேதான் எழுகிறது. வழக்கமான தீவன ஆலைகள் ரசாயனக் கரைப்பானால் எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கையும், அதில் குறையும், புரதத்தின் கூறான மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைத் தொழிற்சாலையில் தயாரித்த பொடியாகவும் சேர்த்துவிடும். சான்று பெற்ற இயற்கை வளர்ப்பில் இவ்விரண்டுக்கும் இடமில்லை. நம் ஊரில் அந்தக் குறையை ஈடுசெய்ய எள்ளுப் புண்ணாக்கும் கருவாடும் இருக்கின்றன. கடலைப் புண்ணாக்கில் மெத்தியோனின் குறைவு. எள்ளில் அது மிகுதி, ஆனால் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலம் குறைவு. கருவாட்டில் இரண்டும் உண்டு. எனவே ஒரே புண்ணாக்கை நம்பாமல் கலந்து கொடுப்பதே சரி.

குஞ்சுகளுக்கு 100 கிலோ தீவனம் கலப்பதாக இருந்தால், உடைத்த மக்காச்சோளம் 38 கிலோ, கம்பு 17, அரிசித் தவிடு 10, செக்கில் ஆட்டிய கடலைப் புண்ணாக்கு 16, எள்ளுப் புண்ணாக்கு 10, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 7, மீதி 2 கிலோவில் கோழிகளுக்கான தாது உப்புக் கலவையும் கால் கிலோ கறியுப்பும் என்று வைத்துக்கொள்ளலாம். சரக்கின் தரத்தைப் பொறுத்துப் புரதம் 20 அல்லது 21 சதவீதம் வரும். உங்கள் 40 குஞ்சுகளுக்கு 10 கிலோவாகக் கலந்தால் போதும். தவிட்டிலும் செக்குப் புண்ணாக்கிலும் எண்ணெய் மிச்சம் இருப்பதால் சீக்கிரம் காறிப்போகும். உப்புக் கருவாடு மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிவிடாதீர்கள். மிகுந்த உப்பு குஞ்சுக்கு நஞ்சு.

கடலைப் புண்ணாக்கு வாங்கும்போது ஒரு துண்டை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையோ பச்சை கலந்த மஞ்சள் படிவோ இருந்தால் வேண்டாம். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும்கூட, பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சு இருக்கக்கூடும். அது கல்லீரலைத் தாக்கும், வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. சான்றிதழ் இருந்தாலும் ஈரமான மூட்டை ஈரமான மூட்டைதான். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கை அடியோடு தவிர்த்துவிடலாம்: அதில் காசிபால் என்ற நச்சு உண்டு, தவிர, 2002இல் அனுமதி பெற்ற, மரபணு மாற்றப்பட்ட பிடி பருத்தியே இன்று பெரும்பாலும் விளைவதால் அது இயற்கை வளர்ப்புக்குப் பொருந்தவும் பொருந்தாது.

9ஆவது வாரத்திலிருந்து முட்டைப் பருவம் நெருங்கும்வரை 16 சதவீதப் புரதம் போதும். மேற்சொன்ன கலவையில் கருவாட்டை 3 கிலோவாகவும், கடலைப் புண்ணாக்கை 12 ஆகவும், எள்ளுப் புண்ணாக்கை 6 ஆகவும் குறைத்து, தவிட்டை 22 ஆக உயர்த்துங்கள். மேய்ச்சலும் கீரையும் இந்தப் பருவத்தில்தான் நன்றாகக் கைகொடுக்கும். ஒரு தீவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒரு வாரம் இரண்டையும் கலந்து கொடுங்கள்.

தண்ணீரில் மிதந்து வளரும் சிறு பெரணியான அசோலாவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உலர்ந்த அசோலாவில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் இருப்பது உண்மை. ஆனால் தொட்டியிலிருந்து அள்ளும் 1 கிலோவில் 900 கிராமுக்கு மேல் தண்ணீர். குஞ்சின் சிறிய இரைப்பையை அதனால் நிரப்பினால் புரதத் தீவனத்துக்கு இடமிருக்காது. வளர்ந்த கோழிக்குத் தொடுகறிபோலக் கொடுங்கள். குஞ்சுகளுக்கு அதைவிடக் கரையான் மேலானது: பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத் துண்டுகளைத் திணித்துத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாட்டமுள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் எடுத்து உதறிப் போடலாம்.

முட்டையிடத் தொடங்கிய கோழிக்குப் புரதம் 16 முதல் 18 சதவீதம். கருவாட்டை இப்போது கூட்ட வேண்டாம். முட்டையில் மீன் வாடை ஏறிவிடும். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் போகிறது என்பதால், நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் எப்போதும் வைத்திருங்கள். பொடியாக இல்லாமல் குருணைபோல் இருந்தால், ஓடு உருவாகும் இரவு நேரத்தில் அது மெல்லக் கரைந்து உதவும்.

உங்களிடம் கோழியும் குஞ்சும் ஒரே முற்றத்தில் மேய்வதால், பஞ்சாரத்தை (கோழி அடைக்கும் கூடையை) மூன்று பக்கம் செங்கல் மேல் தூக்கி வைத்து, குஞ்சுகள் நுழையும் உயரத்துக்கு இடைவெளி விட்டு, குஞ்சுத் தீவனத்தை உள்ளே வையுங்கள். தாய்க்கோழி சுற்றிச் சுற்றி வந்து தலையை மட்டும் நீட்டும். எட்டாதபடி தட்டை நடுவில் வைத்தால் போதும். குஞ்சுகள் வளர்ந்து பஞ்சாரத்துக்குள் நுழைய முடியாமல் போன பிறகு, வளர்பருவத் தீவனத்தையே எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போட்டு, கிளிஞ்சல் கிண்ணத்தைத் தனியே வைக்கலாம். முட்டையிடும் கோழிகள் அதைத் தேடித் தின்னும். மற்றவை பெரும்பாலும் கொத்திப் பார்த்துவிட்டுப் போய்விடும்.