கேம்பர் வேனுக்கு மலிவாக எந்த ஷாக் போடலாம்?

ஹையேஸ் வேனில் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் பொருத்தியபின் றம்பொடை மலைப்பாதை வளைவுகளில் வண்டி ஆடுகிறது, மலிவாக எந்த ஷாக் (ஷாக் அப்சோர்பர்) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாரம் தாங்குவது ஷாக் அல்ல, ஸ்பிரிங். அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. வண்டி சும்மா நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தால் முதலில் லீஃப் ஸ்பிரிங்கை, அதாவது பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைப் பாருங்கள். 100 லீட்டர் தண்ணீரே 100 கிலோ!

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் ஷாக் கிடைக்கும். விலையைக் கேட்டால் ஆசை வரும். நானும் ஒரு சோடி வாங்கினேன். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்கள். இரண்டே வாரத்தில் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்தது. வாங்கியே ஆகவேண்டுமென்றால் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை அமுக்கி இழுத்துப் பாருங்கள். நடுவில் 'லொடக்' என்று பிடி விட்டால் வேண்டாம். தண்டில் துருப்புள்ளி இருந்தாலும் வேண்டாம், எண்ணெய் கசியாமல் தடுக்கும் 'சீல்' வளையத்தை அது அறுத்துவிடும்.

என்னைக் கேட்டால், கேவைபி (KYB) போன்ற பெயர்பெற்ற கம்பனியின் சாதாரண காஸ் (வாயு நிரப்பிய) ஷாக்கைப் புதிதாக வாங்குவேன். காசு போதாவிட்டால் இப்போது பின்சோடி, அப்புறம் முன்சோடி. ஒற்றையாக மாற்ற வேண்டாம். பழையதின் பார்ட் நம்பரோடு கடைக்குப் போங்கள்.

பூட்டும்போது ஜாக்கில் தூக்கியபடியே ஷாக்கின் முனையிலுள்ள றப்பர் புஷ்ஷின் போல்ட்டை இறுக்க விடாதீர்கள். சக்கரம் தரையில் நின்ற பிறகு இறுக்கவேண்டும். இல்லாவிட்டால் றப்பர் முறுகிச் சீக்கிரம் கிழியும்.