இரண்டு மாதமாக மகாபொல (இலங்கைப் பல்கலைக்கழக மாணவர் உதவித்தொகை) வரவில்லை, வாடகைக்குக் கைபேசிச் செயலியில் 10,000 ரூபாய் கடன் எடுக்கலாமா?

எடுக்காதீர்கள் தங்கச்சி. நாளுக்கு 1 வீதம் வட்டி என்று போட்டாலும், நீங்கள் கேட்கிற 10,000 ரூபாய்க்கு மாதம் 3,000 ரூபாய் வட்டியாகவே போய்விடும். அது கடையில் எத்தனை நாள் மத்தியானச் சாப்பாடு!

இரண்டு மாதமாக வரவில்லை என்பதால் உதவித்தொகை நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். அநேகமாகத் தவணை பிந்தியிருக்கும். வருடத்தில் 10 மாதத்துக்குத்தான் மகாபொல கொடுப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

1. உங்களோடு படிக்கிற, மகாபொல எடுக்கிற இரண்டு பேரிடம் கேளுங்கள். அவர்களுக்கும் வரவில்லையென்றால் காத்திருக்கலாம்.

2. அவர்களுக்கு வந்திருந்தால் பிழை உங்கள் கணக்கில் இருக்கலாம். வங்கிப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பதிவு போடுங்கள். நீங்கள் கொடுத்த படிவத்தில் இருக்கும் கணக்கு இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு எண் மாறினாலும் பணம் வராது. கனகாலம் பாவிக்காத கணக்கு முடங்கியும் இருக்கலாம்.

3. அதுவும் சரியென்றால் மாணவர் அடையாள அட்டையோடு பல்கலைக்கழக மாணவர் நலன் கிளைக்குப் போங்கள்.

ஒன்று கவனம்: விரிவுரை வரவு 80 வீதத்துக்குக் குறைந்திருந்தால் உண்மையாகவே நிறுத்தியிருக்கலாம். வருத்தமாய்க் கிடந்திருந்தால் மருத்துவச் சான்றிதழை உடனே கொடுத்து, மாணவர் ஆலோசகரிடமும் பேசுங்கள்.

வாடகைக்கு, வீட்டுக்கார அம்மாவிடம் இன்றைக்கே போய்ப் பாதியைக் கையில் கொடுத்து, மிச்சத்துக்கு ஒரு திகதி சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் மாணவர்களுக்கு அறை கொடுப்பவர்களுக்கு மகாபொல பிந்துவது புதுக்கதை இல்லை. அவர்களாக வந்து கேட்கும்வரை ஒளிந்து திரியாதீர்கள்.