புள்ளிவிவரம் உண்மையிலேயே அரசுக் கொள்கையைத் தீர்மானிக்கிறதா?

தீர்மானிக்கிறது, அரதப்பழசான புள்ளிவிவரம்கூட. பிற்படுத்தப்பட்டோர் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த மண்டல் குழுவையே பாருங்கள். 1980-இல் அறிக்கை தந்த அந்தக் குழுவுக்கு, பிற்படுத்தப்பட்டோர் எத்தனை பேர் என்று பார்க்கக் கிடைத்த முழுச் சாதிக் கணக்கு 1931-ஆம் ஆண்டினுடையது. வெள்ளைக்காரன் எடுத்தது! சுதந்திரத்துக்குப் பிறகு பட்டியல் சாதி, பழங்குடியினரைத் தவிர மற்ற சாதிகளை எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். (அப்படி விட்டதும் ஒரு கொள்கை முடிவுதான்.) பழைய கணக்கை வைத்தே, மக்கள்தொகையில் பிற்படுத்தப்பட்டோர் 52 சதவீதம் என்று மதிப்பிட்டார்கள்.

சரி, அப்புறம் ஏன் அவர்களுக்கு 27 சதவீத ஒதுக்கீடு மட்டும் பரிந்துரைத்தார்கள்? அது தலை எண்ணி வந்ததல்ல, கழித்து வந்தது. மொத்த ஒதுக்கீடு 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உச்ச நீதிமன்றத்தின் அன்றைய நிலை; பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஏற்கெனவே 22.5 இருந்தது. மிச்சத்துக்குள் அடக்கித்தான் 27. வி.பி.சிங் அரசு 1990-இல் அதையே அறிவித்தது.